இரண்டாம் கண்

தென்துருவப் பக்கம் போகும் ஒரு வெளிநாட்டுக் கப்பலில் எங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. புறப்படுவதற்கு முந்தின வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் சின்ன அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு துண்டு பிலிம். போய்வருகிற மாதங்களில் வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் உடம்பில் படுகிற கதிர்வீச்சு முழுவதும் அந்தப் பிலிமில் கருமையாக ஏறிவிடும். திரும்பி வந்து கழுவிப் பார்த்தால் மொத்த டோஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

"இடையில் நீங்கள் எதையும் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சார். பையில இருந்தா போதும்."

பிறகு அவர் கேட்டார்: "நீங்க முதல்ல எங்க சார் இந்த வேலையக் கத்துக்கிட்டீங்க?"

"திருச்சுழிப் பக்கம்" என்றேன். சிரித்துவிட்டார். பனிக்கடலின் கதிர்களை அளக்கக் கரிசல் காட்டுக்கு ஏன் போக வேண்டும் என்ற சிரிப்பு. நியாயமான சிரிப்புதான். அவருக்கு அன்று விஷயத்தின் பெரும்பகுதியைச் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் நான் வானிலை நிலையத்தில் பார்வையாளனாக இருந்தேன். மழைமானி, காற்றழுத்தமானி, ஈரமானி மூன்றையும் குறித்த நேரத்தில் பார்த்து எழுதுவதுதான் வேலை. போர் முடிந்ததும் ஆள் குறைத்தார்கள். முப்பது வயதில், மனைவியும் ஒரு குழந்தையும் இருக்கையில், வேலை போயிற்று. மதராஸில் ஒரு கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் ஒருவர் 'அளவு பார்த்து எழுதத் தெரிந்தவர்' தேவை என்று கேட்டிருந்தார். அப்படித்தான் ஞானமுத்து சாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. பேசும்போது குரல் உயராது. 'சுமார்', 'ஏறக்குறைய' என்ற சொற்களை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. தவறாக எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். இவையெல்லாம் வானிலை நிலையத்திலும் உண்டு. அங்கே இல்லாத ஒரு விதி இவரிடம் இருந்தது. எந்த எண்ணையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதல் ஆள் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். இரண்டாம் ஆள் அதைப் பார்க்காமல் தன் கண்ணால் பார்த்து எழுதுவார். பிறகு இரண்டு தாளையும் திருப்பிப் பார்ப்போம். அரைக் கோட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டும் குப்பைக்கு.

"ஒத்தைக் கண்ணு பாத்த எண்ணு எனக்கு வேண்டாம் லிங்கம்" என்பார். கண்டிப்பாகச் சொல்ல மாட்டார். ஒரு நோயாளி தனக்கு ஆகாத பண்டத்தைச் சொல்வது போலச் சொல்வார். இந்த விதி எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. பெட்டி என்று சொன்னாலும் உள்ளே இருப்பது தேங்காயைவிடச் சற்றுப் பெரிய எஃகு உருண்டை. அதற்குள் அழுத்தி அடைத்த வாயு. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய, தங்கம் பூசிய ஓர் இழை. மின்கலத்தால் மின்னேற்றினால் இழை விலகி நிற்கும். வானத்துக் கதிர்கள் உருண்டைக்குள் பாயப்பாய மின்னேற்றம் குறைந்து, இழை மெல்லத் திரும்பி வரும். பக்கத்தில் பொருத்திய நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் அது கண்ணாடி அளவுகோலில் கோடு கோடாக நகர்வது தெரியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கோடு நகர்ந்தது என்பதுதான் எண். கதிர் கூடினால் எண் கூடும்.

ஒரே ஒரு சங்கடம். இழையைத் தாங்கும் துண்டில் விரிசலோ ஈரமோ இருந்தாலும் மின்னேற்றம் கசியும். அப்போதும் இழை வேகமாக நகரும். நகர்வதைப் பார்த்து, இது கதிரா கசிவா என்று சொல்ல முடியாது.

அந்தப் பெட்டி பனிக்கடல்வரை போய்வந்த பெட்டி. போர் தொடங்குவதற்கு முந்தின கோடையில் ஞானமுத்து சாரும் அவர் தம்பி ஜெபராஜும் அதைத் தூக்கிக்கொண்டு, வடதுருவப் பக்கத்துத் தீவிலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் ஒரு சரக்குக் கப்பலில் போனார்கள். பூமியின் காந்தம் விண்கதிர்களை விலக்கிவிடுகிறது. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அவை குறைவாகவே தரைக்கு வரும், வடக்கே போகப்போகக் கூடும். துருவம்வரை கூடிக்கொண்டே போகுமா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் போனார்கள், அண்ணன் மட்டும் திரும்பினார். குளிரில் மேல்தளத்தில் நின்று அளவெடுத்த தம்பிக்கு நிமோனியா கண்டது. கப்பல் வழக்கப்படி கித்தானில் சுற்றி அந்தக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். திரும்பும் வழியில் போர் மூண்டு, பெட்டி ஏதோ ஒரு துறைமுகக் கிடங்கில் முடங்கியது. போர் முடிந்த பிறகுதான் மதராஸ் வந்து சேர்ந்தது.

பெட்டி இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திருச்சுழிக்குப் போனோம். அவர்களுடைய சொந்த ஊர் திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் ஒரு சின்னக் கிராமம். காந்த முள்ளை அங்கே நூலில் தொங்கவிட்டால் வடக்குப் பக்கமும் சாயாது, தெற்குப் பக்கமும் சாயாது, மட்டப்பலகை போல நிற்கும். காந்த நடுக்கோடு அவ்வளவு பக்கம். வடக்கே புறப்படும் முன் அண்ணனும் தம்பியும் தங்கள் காட்டில் ஓலைக் குடிசை போட்டு இதே பெட்டியை வைத்து அளந்திருந்தார்கள். அன்று மணிக்குப் பதினெட்டுக் கோடு. இன்றும் அதே இடத்தில் பதினெட்டு வந்தால் பெட்டி நடுவில் கெடவில்லை, ஜெபராஜ் பனிக்கடலில் எழுதியதெல்லாம் செல்லும். வராவிட்டால் எதுவும் செல்லாது.

அருப்புக்கோட்டையிலிருந்து கரி பஸ்ஸில் போனோம். பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளையைக் கட்டிக் கரிப்புகையில் ஓட்டும் பஸ். பெட்டியைச் சார் மடியிலேயே வைத்திருந்தார். "என்னய்யா அது?" என்று கண்டக்டர் கேட்டதற்கு நான் "இரும்புக் குண்டு" என்று சொல்லிவிட்டேன். ஜப்பானில் போட்ட குண்டைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். எங்களுக்கு வசதியாக இடம் கிடைத்தது. அந்தப் பயணத்தில் சார் சிரித்தது அப்போது ஒரு தடவைதான்.

அந்த வருஷம் மழை தப்பியிருந்தது. கரிசல் ஒரு சாண் அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. எங்கள் வேலைக்குக் கரிசலைவிட நல்ல தரை கிடையாது என்பார் சார். கல், செங்கல், மணல் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கதிர் வரும், கரிசலில் குறைவு. அதனால் குடிசைக்குக் கல் வேண்டாம், செங்கல் வேண்டாம், பனைமரமும் ஓலையும் மட்டும் போதும் என்று சொல்லி, மாடசாமி என்ற கொத்தனாரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, காந்த முள்ளைச் சரிபார்க்க நானும் சாரும் ஒரு வாரம் சுற்றுக்கிராமங்களில் அலைந்தோம்.

மாடசாமியின் முன்னோர் பிறர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். அவர்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் கரண்டி பிடித்தவர். வாய் சும்மா இருக்காது. "கல்லு வேண்டாம், செங்கல்லு வேண்டாம்னா கொத்தனாரை எதுக்குய்யா கூப்பிடுறீக? ஒரு ஆசாரியக் கூப்பிட வேண்டியதுதான" என்றார். பெட்டி தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டுமா என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். காட்டாது என்றதும், "அப்ப எதைத்தான் காட்டும்?" என்றார் மாடசாமி. வானத்திலிருந்து வருவதைக் காட்டும் என்றேன். "மழையைக் காட்டுமா சாரு?" "காட்டாது." "சரிதான். வானத்துல இருந்து மழையத் தவிர என்ன வந்து நமக்கு ஆகப்போவுது" என்றுவிட்டுப் போனார்.

குடிசை முடிந்தது. நடுவில் இடுப்புயரப் பனந்தூண் நட்டு, அதன் தலையில் பலகை அடித்திருந்தார். அதன்மேல் பெட்டி. சுற்றிலும் கயிறு கட்டி, தன்னையும் என்னையும் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்றார் சார். என்னிடம் இருட்டில் முள் மினுங்கும் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. முள்ளில் பூசியிருப்பது ரேடியம். அதைக் கழற்றி ஊருக்குள் வைத்துவிட்டு வரச் சொன்னார். அவ்வளவு கவனம்.

கயிற்றுக்கு வெளியே தினமும் ஒருவர் வந்து நிற்பார். ஜெபராஜின் மனைவி எஸ்தர். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கன்னியாகுமரிக்கு மேற்கே கடலோர ஊரில் பிறந்தவர். வாழ வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆனதில் பேச்செல்லாம் கரிசல் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு தூக்குச் சட்டியில் கம்மங்கூழோ மோரோ கொண்டுவருவார். அதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுச் சாரைக் கேட்பார்:

"இன்னைக்கு எப்படி இருக்கு பெரியத்தான்?"

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஆளைப் பற்றி விசாரிப்பது போலத்தான் இருக்கும். சாரும் அதே மாதிரி, "பாக்கணும்மா. இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்பார்.

ஒருநாள் சார் இல்லாத நேரத்தில் அந்த அம்மா என்னிடம் கேட்டார். "சார், அச்சுல போடும்போது அவுக பேரு வருமா?"

"வரும் டீச்சரம்மா. எண்கள் சரியாக இருந்தால் வராமல் இருக்காது."

"எங்க ஊர்ல எல்லாரும், கப்பல்ல போனவன் என்ன கண்டான்னு கேப்பாக. செத்துப்போனாகங்கிறது தெரியும். என்ன செஞ்சாகங்கிறது எனக்கே தெரியாது. அது ஒரு எழுத்தா இருந்தா போதும்."

நான் வேலை செய்த வருஷங்களில் எத்தனையோ எண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எண்ணுக்காக ஒரு மனுஷி இப்படிக் காத்திருந்ததை வேறெங்கும் பார்க்கவில்லை.

முதல் நாள் இருபத்து மூன்று வந்தது. தப்பாகப் பார்த்தோமோ என்று நினைத்தேன். கவிழ்த்த தாள்களைத் திருப்பினால் சார் எழுதியதும் இருபத்து மூன்று. காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். பெட்டியை வெயிலில் காய வைத்து ஈரம் போக்கிப் பார்த்தோம். மின்கலத்தை மாற்றிப் பார்த்தோம். வேறு இடத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று இன்றைய இளைஞர்கள் கேட்கக்கூடும். வேறு எந்த இடத்துக்கும் பழைய எண் இல்லை. இருந்தும் ஒரு முறை ஊர் வேதக்கோவிலுக்குள் கொண்டுபோய் வைத்தோம். கல் தளம், செங்கல் சுவர். அங்கேயும் அதிகம்தான் வந்தது. அது கல்லிலிருந்து வந்ததா கசிவா என்று பிரிக்க முடியாததால் சாரின் சந்தேகம் தீரவில்லை.

அன்று மாலை உடைமரத்தடியில் உட்கார்ந்து, கேட்காமலே என்னிடம் சொன்னார். பனிக்கடலில் அவருக்குக் கடல் மயக்கம் வந்து படுத்துவிட்டார். தம்பி மட்டும் தனியாக மேல்தளத்தில் நின்று பார்த்து எழுதினான். அவர் எழுந்து வந்து தாளைப் பார்த்தபோது, வடக்கே போகப்போக ஏற வேண்டிய எண் ஏறவே இல்லை. ஒரே எண்தான் திரும்பத் திரும்ப, அரைக் கோடு முன்னேயோ பின்னேயோ.

"பாக்காம, முந்தின நாள் எண்ணையே எழுதுறியாடான்னு கேட்டேன். 'பாத்துத்தான் அண்ணே எழுதுறேன்'னான். நான் நம்பல. மாலுமிக எல்லாம் இருக்கையில கேட்டேன். மறுநாள் குளிருக்கு என் கம்பளிக் கோட்டைக் குடுத்தேன், அவன் வாங்கிக்கல. தன் கோட்டோட மட்டும் போய் ராப்பகலா நின்னான். அதுக்கப்புறந்தான் சளி பிடிச்சது."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"இப்ப வெளிநாட்டுல ரெண்டு மூணு பேரு அளந்துட்டாங்க லிங்கம். ஒரு எல்லைக்கு மேல வடக்க போனா எண் ஏறாதாம். அவன் எழுதுனது சரியா இருக்கலாம். எல்லாருக்கும் முன்னாடி அவன்தான் கண்டிருக்கலாம். ஆனா பெட்டி கசியுதே. கசியுற பெட்டியில கண்டதைக் கண்டதா எப்படிச் சொல்ல?"

ஒற்றைக் கண் எண் வேண்டாம் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த எஸ்தரை, "உக்காரும்மா" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை.

"பெட்டி கெட்டுப்போச்சு எஸ்தர். ஜெபராஜ் எழுதுன எண்ண அச்சுல போட முடியாது."

"அவுக பேரு?"

"எண் இல்லாம பேரை மட்டும் எப்படிம்மா போடுறது."

தூக்குச் சட்டியை இன்னும் கையில் பிடித்திருந்தார். கீழே வைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"இதே எடத்துல நானும் அவனும் பாத்தப்ப பதினெட்டு. இப்ப இருபத்தி மூணு. வானத்துல இருந்து வர்றது மாறாது. மண்ணும் அதே மண்ணு. அப்ப மாறுனது பெட்டிதான."

"மண்ணுல இருந்துமா வரும்?"

"வரும். எல்லா மண்ணுலயும் கொஞ்சம் உண்டு. கரிசல்ல கம்மி."

பிறகு அந்த அம்மா கேட்டார்:

"கடல் மண்ணுல?"

சார் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கடல்?"

"எங்க ஊர்க் கடல்."

சார் எழுந்து நின்றுவிட்டார். எஸ்தரின் ஊர்க் கரையில் கறுப்பும் சிவப்புமாக ஒதுங்குகிற மணலைக் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு ஏற்றிய காலம் அது. அதில் தோரியம் உண்டு. கதிர்வீச்சை அளக்கிற எவருக்கும் அந்த மணலைத் தெரியும். என் கைக்கடிகாரத்தைக்கூட விட்டுவைக்காத மனிதர், தூணின் அடியில் என்ன போட்டார்கள் என்று கேட்டிருக்கவில்லை.

எஸ்தர் சொன்னார். நாங்கள் முள்ளைத் தூக்கிக்கொண்டு அலைந்த வாரத்தில், தூண் ஆடாமல் இருக்கக் குழியில் மணல் போட்டு இறுக்க வேண்டும் என்று மாடசாமி குண்டாற்றுக்கு வண்டி கட்டப் போனார். "ஆத்து மணல் வேண்டாண்ணே, எங்கிட்ட இருக்கு" என்று சொல்லி வீட்டிலிருந்த சாக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு முந்தின மாதம் தாய்வீட்டுக்குப் போனபோது, கரையிலிருந்து அள்ளி வந்த மணல் அது.

"எதுக்கும்மா அள்ளிட்டு வந்த?" என்றார் சார்.

"இங்க கல்லறைத் தோட்டத்துல எல்லாருக்கும் ஒரு குழி இருக்கு. அவுகளுக்கு இல்ல. கடல்லதான கெடக்காக. கல்யாணம் ஆன புதுசுல எங்க ஊர்லதான் இருந்தோம். சாயங்காலமானா அந்த மணல்லதான் உக்காந்திருப்பாக. கொண்டுவந்தேன். எங்க வைக்கன்னு தெரியல. பெட்டி வருதுன்னாக. அவுக கை கடைசியாப் பட்டது இந்தப் பெட்டி. அதுக்கு அடியிலயே இருக்கட்டும்னு..." அங்கே நிறுத்தினார். பிறகு, "நீங்க கயிறு கட்டுனதுக்கப்புறம் நான் உள்ள வரல பெரியத்தான். ஒண்ணையும் தொடல" என்றார்.

"அது தெரியும்மா."

"எடுத்துட்டா சரியாயிருமா?"

சார் பொய் சொல்லத் தெரியாதவர். "தெரியல. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். எடுத்த பெறகும் இருபத்தி மூணே வந்தாலும் வரலாம்."

"அப்ப பேரு, மணல் ரெண்டுமில்லாமப் போயிரும்."

"ஆமா."

எஸ்தர் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தார். "எடுத்துருங்க" என்றார்.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு மாடசாமியைக் கூப்பிட்டோம். விஷயம் தெரிந்ததும் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றுவிட்டார்.

"மண்ணுதானன்னு போட்டேன்யா. இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் குழியில கால வச்சு மிதிச்சிருப்பேனா? டீச்சரம்மா, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா போட மாட்டீகன்னு தெரியும்ணே."

"போட மாட்டேந்தான். இப்பத் தோண்டவும் மாட்டேன். செத்தவுகளுக்குன்னு வச்சதத் தோண்டுறதுக்கு எனக்குக் கை வராது."

"குழி இல்லண்ணே. மணலுதான்" என்றார் எஸ்தர். பிறகு அந்த அம்மாவே மண்டியிட்டு உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் அள்ளத் தொடங்கினார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் மாடசாமியும் பக்கத்தில் உட்கார்ந்து தூணை அசைத்துப் பிடித்துக்கொண்டார். இறுக்கிக் குத்திய மணல் கட்டி கட்டியாக வந்தது. கடைசியில் கரிசலோடு கலந்து, எது கடல் மண், எது காட்டு மண் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. எஸ்தர் அதையும் விடவில்லை. கறுப்பு மினுக்கம் தெரிந்த ஒவ்வொரு கட்டியையும் எடுத்து அதே சாக்கில் போட்டார். சாக்கை மாடசாமி தலையில் தூக்கி ஊருக்குள் கொண்டுபோனார். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் நடந்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

குழியைக் கரிசலாலேயே மூடி இறுக்கினோம். பெட்டியை ஏற்றி, மின்னேற்றி, இழை நிலைக்கு வர விட்டுவிட்டு வெளியே வந்தோம். நேரம் வந்ததும் நான் முதலில் பார்த்து எழுதிக் கவிழ்த்தேன். சார் பார்த்து எழுதினார். திருப்பினோம். இரண்டிலும் பதினெட்டு.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் பிடித்தபடியே வெளியே போய் உடைமரத்துக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு எத்தனை முறை பார்த்தும் எண் மாறவில்லை. பெட்டி கெடவில்லை. பனிக்கடலில் ஏறாத எண் ஏறாத எண்தான்.

சாயங்காலம் எஸ்தர் வந்ததும் சார் அதைச் சொன்னார். கப்பலில் நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மாலுமிகள் முன்னால் கேட்டதையும், கம்பளிக் கோட்டை வாங்கிக்கொள்ளாமல் தம்பி போனதையும்.

"ஏமாத்துறவனா இருந்தா ஏத்தி எழுதியிருப்பான் எஸ்தர். ஏறும்னுதான எல்லாரும் எதிர்பாத்தோம். எனக்குப் பிடிச்ச மாதிரி எழுதியிருந்தா நான் தட்டிக் குடுத்திருப்பேன். ஏறலைன்னு எழுதினான். அது ஒண்ணே போதும், அவன் பாத்தான்னு சொல்ல. எனக்கு அப்பப் புரியல."

எஸ்தர் அழவில்லை.

"இதை அவுககிட்டல்ல சொல்லியிருக்கணும் பெரியத்தான்" என்றார். "எங்கிட்டச் சொல்லி என்ன."

தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சாருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டுரை பிறகு அச்சானது. முதலில் ஜெபராஜ் பெயர், அடுத்ததாகச் சாருடைய பெயர். உலகத்தில் மற்றவர்கள் முந்திக்கொண்டதால் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஒரு பிரதியைச் சார் ஊருக்கு அனுப்பிவைத்தார். நான் அந்த வேலையிலிருந்து வேறு வேலைக்கும், அங்கிருந்து அரசு அலுவலகத்துக்கும் போனேன். தரையில், ஆலையில், கடலோரத்தில் என்று எங்கெங்கோ அளந்தேன். எங்கே போனாலும் அளக்கும் முன் அடியில் இருக்கும் மண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. என்னைப் பார்க்க வந்த இளைஞருக்கு நான் இதுவரைக்கும்தான் சொன்னேன். பிலிம் அட்டையை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு புத்திமதியும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் விட்டது, நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று நடந்தது.

அதற்கு முந்தின நாள் சாக்கு மணலைக் கல்லறைத் தோட்டத்தில், ஜெபராஜின் அப்பா அம்மா குழிகளுக்குப் பக்கத்தில் புதைத்திருந்தார்கள். மாடசாமிதான் குழி வெட்டினார். மேலே ஒரு மரச் சிலுவை. வேதக்கோவில் பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். சார் ஒரு ஓரமாக நின்றார்.

கிளம்புகிற அன்று காலை, பெட்டியைக் கட்டி முடித்து வைத்திருந்தேன். "அவிழ்த்துரு லிங்கம். ஒரு தடவை தோட்டத்துக்குக் கொண்டுபோகணும்" என்றார் சார். அங்கே அளந்து ஒரு பயனும் இல்லை. பழைய எண் இல்லாத இடம். நான் அதைச் சொல்லவில்லை.

மணல் குழியின் மேல் முக்காலியை வைத்து அதன்மேல் பெட்டியை வைத்தோம். எஸ்தரை வரச் சொல்லியிருந்தார். நான் மின்னேற்றினேன். சார் நுண்ணோக்கியைத் திருப்பி அந்த அம்மாவின் உயரத்துக்குச் சரிசெய்தார்.

"ஒரு கண்ண மூடிக்கோ. உள்ள கோடு கோடாத் தெரியுதா? அதுல மெல்லிசா ஒண்ணு நிக்கும். அது எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாத்துச் சொல்லு."

எஸ்தர் குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடத்து அம்மாவாதலால் தயங்காமல் கோட்டைச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். அதன்பிறகு கண்ணை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அவுக பாத்தது இதுதானா?"

"இதுதான். அங்க கண்ணாடில பனி படியும். விரலால தொடச்சுத் தொடச்சுப் பாப்பான்."

"நகருது" என்றார் எஸ்தர்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடை பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எண்ணைக் கேட்டபோது, மெதுவாக, ஒவ்வொரு கோடாக எண்ணிச் சொன்னார். கரிசலில் வந்ததைவிட எவ்வளவோ அதிகம். மணல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சார் தாளில் எழுதினார்.

நான் வழக்கப்படி துண்டுத் தாளோடு நுண்ணோக்கியை நோக்கி நகர்ந்தேன். இரண்டாம் கண் என்னுடையது. சார் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"வேண்டாம் லிங்கம்" என்றார். "பாத்தாச்சு."